வயிற்றுப் பிள்ளைக்கு ஓர் இழை

எங்கள் சமூகத்தில் நெருப்பைத் தின்னுகிற நாள் ஒன்று உண்டு. வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். சர்க்கஸ் கூட்டமா நீங்கள் என்று ஒருத்தி என்னிடம் கேட்டிருக்கிறாள்.

பிள்ளையார் நோன்பு என்று அதற்குப் பெயர். திருக்கார்த்திகையிலிருந்து நாளைக்கு ஒன்றாக, நனைக்காத புதுக் கோடி வேட்டியிலிருந்து நூல் உருவி எடுத்து வைப்பார்கள். இருபத்தொரு நூல் சேர்ந்ததும், மார்கழியில் சஷ்டியும் சதயமும் கூடும் நாளில், அவற்றைச் சேர்த்துத் திரித்து ஆளுக்கொரு திரியாக நறுக்குவார்கள். பச்சரிசி மாவையும் வெல்லத்தையும் நெய் விட்டுப் பிசைந்து கூம்பாகப் பிடித்து, உச்சியில் திரியைச் செருகி ஏற்றுவார்கள். இழை என்பது அதுதான். வீட்டுக்கு மூத்த ஆண் ஒவ்வொருவர் கையிலும் எரிகிற இழையைக் கொடுப்பார். வாங்கியவர் சுடரோடு வாயில் போட்டு மூடிக்கொள்ள வேண்டும்.

சுடாது. வாயை மூடியதும் அணைந்துவிடும். நெய்யும் புகையும் வெல்லமுமாக ஒரு ருசி நாக்கில் நிற்கும். எனக்குச் சின்ன வயதிலிருந்தே அது பிடிக்கும். கீழச்சிவல்பட்டியில் என் பிறந்த வீட்டில் இன்னொன்று தரச் சொல்லி அழுது அடி வாங்கியிருக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பின்னால் நான் செய்த காரியத்தைப் பார்த்து என்னை நாத்திகம் பிடித்தவள் என்று சில பேரும், கோழை என்று சில பேரும் சொன்னார்கள். நான் இரண்டும் இல்லை.

இன்னொரு வழக்கமும் உண்டு. வயிற்றில் பிள்ளை இருக்கிறவள் இரண்டு இழை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்று அவளுக்கு, ஒன்று பிள்ளைக்கு. அந்த இரண்டாவது இழைதான் என் வாழ்க்கையில் பெரிய சண்டையை மூட்டியது.

அறுபதுகளின் தொடக்கத்தில் என்னைக் கண்டனூரில் கட்டிக்கொடுத்தார்கள். பெரிய வீடு. நாங்கள் புழங்கியதென்னவோ இரண்டாம் கட்டில் இரண்டு அறைகளும் ஒரு அடுப்படியும்தான். மற்ற அறைகளின் பூட்டைத் திறப்பது கல்யாணத்துக்கும் நோன்புக்கும் மட்டும். மாமனார் பர்மாவுக்குப் போனவர் திரும்பவில்லை, அங்கேயே காலமாகிவிட்டார். மாமியாரும் கணவரும் நானும் இருந்தோம். அதே வீட்டின் இன்னொரு பக்கத்தில் கணவரின் பெரியப்பா தனியாக இருந்தார். அவருக்குக் காது சரியாகக் கேட்காது. வாயும் அவ்வளவாகத் திறக்காது.

என் கணவர் காரைக்குடியில் ஒரு கல்லூரியில் இயற்பியல் டெமான்ஸ்ட்ரேட்டர். ஞாயிற்றுக்கிழமையானால் கருப்புச் சட்டை போட்டுக்கொண்டு பகுத்தறிவுக் கூட்டங்களுக்குப் போவார். சாமி இல்லை என்பதை, பல் தேய்க்கும்போதுகூட நுரையோடு நிரூபித்துக்கொண்டிருப்பார். ஆனால் எங்கள் கல்யாணத்துக்கு வழக்கப்படி குலக் கோயிலிலிருந்து மாலை வந்தபோது கழுத்தை நீட்டித்தான் வாங்கிக்கொண்டார். கேட்டதற்கு, ஆத்தா மூன்று நாளாகச் சாப்பிடவில்லை, வேறு என்ன செய்வது என்றார். பகுத்தறிவு அன்றைக்கு மட்டும் காரைக்குடியிலேயே தங்கிவிட்டது போலிருக்கிறது. நான் இதைச் சொல்லிக் கிண்டல் செய்தால் அவருக்குக் காது சிவந்துவிடும். நல்ல மனிதர். அதையும் சொல்லிவிட வேண்டும்.

கல்யாணமான மறு வருஷ நோன்பில் நான் கர்ப்பமாக இருந்தேன். இரண்டு இழை எடுத்துக்கொண்டேன். என் கணவர் வழக்கம்போல ஒன்றுகூட எடுத்துக்கொள்ளவில்லை. நான் இரண்டை வாங்கியதைத் தள்ளி நின்று பார்த்துச் சிரித்தார். எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. அப்போது யாருக்கும் யார் மேலும் கோபம் இல்லை.

மாசியில், ஏழாம் மாதத்திலேயே, பிள்ளை பிறந்துவிட்டது. ஆண் பிள்ளை. காலையில் பிறந்தது, பொழுது சாயுமுன் போய்விட்டது.

மார்பில் பால் கட்டி, வலி பொறுக்காமல் மல்லிகைப் பூவை வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு படுத்திருந்தேன். அறைக்கு வெளியே வளவில், நடு முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், மாமியாரும் கணவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் தூங்குகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

"வீட்டுல ஒருத்தன் இழையத் தொடாம கருப்புச் சட்டையப் போட்டுக்கிட்டுத் திரிஞ்சா பிள்ளையாருக்கு ஆகுமா? அதான் குடுத்தத எடுத்துக்கிட்டாரு" என்றார் மாமியார்.

"அவதான் ரெண்டு எடுத்தாள்ல ஆத்தா. உங்க பிள்ளையாரு காப்பாத்துனாரா?" என்றார் கணவர்.

அவர்கள் இன்னும் என்னவெல்லாமோ பேசினார்கள். எனக்குக் கேட்டது இவ்வளவுதான், போதுமானதாக இருந்தது. செத்த பிள்ளையை இரண்டு கட்சியும் தத்தம் பக்கத்துக்குச் சாட்சி சொல்லக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பகல்கூட முழுதாக இருந்து பார்க்காத பிள்ளை அது. எழுந்து போய் இருவர் முகத்திலும் சொம்புத் தண்ணீரை ஊற்ற வேண்டும் போல ஆத்திரம் வந்தது. எழுந்திருக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு நோன்பு வந்து போனது. எனக்கு ஒரு இழைதான், சிக்கல் ஒன்றும் இல்லை. மூன்றாவது கார்த்திகை வந்தபோது மறுபடியும் வயிற்றில் பிள்ளை இருந்தது. ஐந்தாம் மாதம்.

கார்த்திகை அன்று மாமியார் கோடி வேட்டியைப் பிரித்து முதல் நூலை உருவினார். உருவி முடித்ததும் என் வயிற்றைப் பார்த்தார். மறுநாளும் நூல், மறுநாளும் அந்தப் பார்வை. வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். பார்வைக்கு எப்படிப் பதில் சொல்வது?

கணவர் பார்வையோடு நிறுத்தவில்லை. ஒரு நாள் கல்லூரியிலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றக்கூட இல்லை, என் எதிரில் உட்கார்ந்தார்.

"இந்தத் தடவை நீ எடுக்கக் கூடாது. உனக்கும் வேண்டாம், பிள்ளைக்கும் வேண்டாம்."

"ஏன்?"

"நீ எடுக்காம பிள்ளை நல்லாப் பிறந்துச்சுன்னா ஆத்தா அதுக்கப்புறம் வாயத் திறக்க முடியாதுல்ல."

என் வயிறு அவருக்குப் பரிசோதனைச் சாலை ஆகிவிட்டது. ஒரு தடவை செய்து பார்த்த சோதனையை வைத்து எதையும் முடிவு கட்டக் கூடாது என்று பையன்களுக்குப் படித்துப் படித்துச் சொல்லுகிற மனிதர் அவர்.

"பிள்ளை நல்லாப் பிறக்கலைன்னா?" என்று கேட்டேன்.

அதை அவர் யோசித்திருக்கவே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"நீக எடுக்காதன்னு சொல்லுறதும் அயித்தை எடுன்னு சொல்லுறதும் எனக்கு ஒண்ணாத்தான் கேக்குது."

"எப்படி ஒண்ணாகும்? ஆத்தா உன்னயக் கட்டிப்போடுறாக. நான் உனக்கு விடுதலை குடுக்குறேன்."

"அது எப்ப உங்க கைக்கு வந்துச்சு, எனக்குக் குடுக்குறதுக்கு?"

எழுந்து போய்விட்டார். அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் மோர் கேட்கவில்லை. அவருடைய கோபத்தின் அளவு அதில்தான் தெரியும்.

மாமியாரிடமும் கேட்டுப் பார்த்தேன். அவர் முறத்தில் பொரி புடைத்துக்கொண்டிருந்தார்.

"அயித்தை, ஒரு இழை எடுக்கலைங்கிறதுக்காகப் பிள்ளையாரு ஒரு பிள்ளையக் கொன்னுபோடுவாரா?"

முறம் நின்றுவிட்டது. "வாயக் கழுவு."

"கோவமாக் கேக்கலை. தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன்."

"இதெல்லாம் கேக்கக் கூடாது ஆத்தா. கேக்குறதுக்கா நோன்பு பிடிக்கிறது?" என்று சொல்லிவிட்டு மறுபடியும் புடைக்க ஆரம்பித்தார். கை வேகமாகப் போயிற்று. பொரியில் பாதி தரையில் சிந்தியது.

ஆக, யாரிடமும் கேட்க முடியாது என்று ஆகிவிட்டது. நானே யோசிக்க வேண்டியதாயிற்று. அதற்கு முன்னால் நான் சாமியைப் பற்றி யோசித்ததே இல்லை. கும்பிட்டிருக்கிறேன். யோசிப்பது வேறு வேலை, அது கும்பிடுவதைவிட ஆளைக் களைக்க வைக்கிறது. அரிசி களையும்போது ஒரு முடிவுக்கு வருவேன், உலை கொதிப்பதற்குள் அது போய்விடும்.

பிள்ளையார் இருக்கிறாரா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. இல்லை என்று கணவர் சொன்ன வேகமும் சரி, இருக்கிறார் என்று மாமியார் சொன்ன வேகமும் சரி, என்னிடம் இல்லை. ஆனால் ஒன்று மட்டும் உறுதியாகத் தெரிந்தது. நூலுக்கு நூல் கணக்குப் பார்த்துப் பிள்ளையைப் பறிக்கிற ஒரு சாமி இருந்தால், அந்தச் சாமியோடு எனக்குப் பேச்சு வேண்டாம். நான் சின்ன வயதில் சுடரை வாயில் போட்டுக்கொண்டு பார்த்த பிள்ளையார் அப்படி இல்லை. அவர் மேல் எனக்குப் பிரியம் இருந்தது. கணவர் சொல்கிறாரே என்று அந்தப் பிரியத்தை ஏன் விட வேண்டும்?

நோன்பு வந்த கதையை எங்கள் வீடுகளில் எல்லாரும் சொல்வார்கள். கடல் கடந்து வியாபாரத்துக்குப் போன கப்பல் புயலில் மாட்டிக்கொண்டது. கப்பலில் இருந்தவர்கள் பிள்ளையாரை வேண்டி, நாளைக்கு ஒரு நூலை எடுத்து வைத்தார்கள். இருபத்தொன்றாம் நாள் கரை தெரிந்தது. கையில் இருந்த மாவையும் நூலையும் விளக்கையும் சேர்த்துப் படைத்து விழுங்கினார்கள். ஆயிரம் தடவை கேட்ட கதை. அந்த மார்கழியில்தான் அதில் ஒன்றைக் கவனித்தேன். புயலில் இருந்தவர்கள் தாங்களாகவே வேண்டிக்கொண்டார்கள், தாங்களாகவே விழுங்கினார்கள். ஒருவர் வாய்க்காக இன்னொருவர் விழுங்கவில்லை.

முடிவு செய்துவிட்டேன். ஆனால் இருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் தடுத்திருப்பார்கள். என்னால் அவர்களோடு பேசி ஜெயிக்க முடியாது என்று எனக்குத் தெரியும்.

நோன்பு அன்று சாயங்காலம் வளவில் கோலம் போட்டு, பிள்ளையாருக்கு ஆவாரம்பூ சாத்தி, பொரியும் பணியாரமும் படைத்திருந்தது. பங்காளி வீட்டுக்காரர்கள் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். கணவர் வீட்டுக்குள் வரவும் இல்லை, வெளியே போகவும் இல்லை. நடைவாசலில் கருப்புச் சட்டையோடு கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஞாயிற்றுக்கிழமைகூட இல்லை அன்று. அந்தச் சட்டையை எனக்காகத்தான் போட்டிருந்தார். காலையில் அவர் என்னிடம் சொன்னது காதில் இருந்தது. "நீ பிள்ளைக்குன்னு ஒண்ணு எடுத்தீன்னா நான் காரைக்குடியில ரூம் பாத்துக்கிட்டுப் போயிருவேன்." மாமியாரும் தன் பங்குக்குச் சொல்லியிருந்தார். "நீ எடுக்காம ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, உன் முகத்துல நான் முழிக்க மாட்டேன்."

பெரியப்பா மணையில் உட்கார்ந்து இழையை ஏற்றி ஏற்றிக் கொடுத்தார். ஆண்கள் வாங்கிக்கொண்டார்கள். பிறகு பெண்கள். ஒவ்வொருவராக வாங்கி வாயை மூடும்போதும் வளவில் ஒரு சுடர் குறைந்தது. என் முறை வந்தது. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நீட்டினேன்.

முதல் இழையை வாங்கி வாயில் போட்டேன். அதே ருசிதான். கண்ணை மூடிக்கொண்டு அரை நிமிஷம் அப்படியே இருந்தேன். திறந்தபோது நடைவாசலில் கணவரின் முகம் வாடிப்போயிருந்தது. தோற்றுவிட்டதாக நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. மாமியாரின் முகம் மலர்ந்திருந்தது.

பெரியப்பா இரண்டாவதை ஏற்றி நீட்டினார். நான் கையை நீட்டவில்லை. கும்பிட்டேன்.

"பெரியப்பச்சி, இது எனக்கில்ல. பிள்ளைக்குன்னா, அந்தப் பிள்ளையே வந்து கேட்டு எடுத்துக்கட்டும்."

அவருக்குக் கேட்கவில்லை. நீட்டிய கையை நீட்டியபடியே வைத்திருந்தார். நான் சத்தமாக இன்னொரு தரம் சொன்னேன். இந்தத் தரம் எல்லாருக்கும் கேட்டுவிட்டது. பங்காளி வீட்டு ஆச்சி ஒருவர், "வயித்துப் பிள்ளக்காரி பேசுற பேச்சா இது" என்றார். திரி எரிந்து இறங்கிக்கொண்டிருந்தது. மாவு உருகிப் பெரியப்பாவின் விரலில் நெய் வடிந்தது. அவர் கையை எடுக்கவும் தெரியாமல், கீழே வைக்கவும் தெரியாமல், என்னையே பார்த்தார். எனக்கு வாங்கிக்கொண்டு விடலாம் என்று இருந்தது. வாங்கினால் இந்த நிமிஷம் முடிந்துவிடும். அதற்காகவே வாங்கியிருப்பேன். அவ்வளவு பயமாக இருந்தது.

மாமியார் விறுவிறுவென்று வந்து பெரியப்பாவின் கையிலிருந்து அந்த இழையைப் பறித்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார். அவர் அன்றைக்கு ஏற்கெனவே தன் இழையை எடுத்திருந்தார். வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. அதில் கோபத்தைத் தவிர வேறு ஏதோ இருந்தது. அப்போது எனக்கு அது புரியவில்லை.

நடைவாசலில் கணவர் இல்லை.

இரண்டு பேரும் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். கணவருக்கு நான் ஒன்று எடுத்துக்கொண்டதில் கோபம். மாமியாருக்கு ஒன்று எடுக்காததில் கோபம். அவர்கள் இருவருக்குள்ளும் மட்டும் பேச்சுவார்த்தை நன்றாக நடந்தது. என்னை விட்டுவிட்டு இரண்டு கட்சியும் சமாதானமாகிவிட்டார்களே என்று நினைத்தால் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. கணவர் காரைக்குடிக்கு ரூம் பார்த்துப் போகவில்லை. ஆனால் சாப்பிட உட்காரும்போது தட்டைத் தானே எடுத்துக்கொண்டார்.

நான் பயந்தேன். அதை மறைக்க எனக்கு இஷ்டமில்லை. யோசித்து ஒரு முடிவுக்கு வந்தவர்களுக்குப் பயம் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தை முழுக்கப் பயந்தேன், மாசி முழுக்கப் பயந்தேன். ஏழாம் மாதம் வந்தபோது இருமுவதற்குக்கூட யோசித்தேன். பிள்ளை வயிற்றில் உதைத்தால் நிம்மதி, உதைக்காவிட்டால் அந்த இழை ஞாபகம். எடுத்திருந்தால் இந்தப் பயம் இருந்திருக்காதே என்று தோன்றும். போன தடவை எடுத்தோமே என்றும் தோன்றும். இரண்டும் மாறி மாறி மனசைக் கடையும். ஏதாவது ஆகிவிட்டால், சாகிற வரைக்கும் கண்டனூரில் என் பெயர் பிள்ளையைத் தின்றவள் என்றுதான் இருக்கும். பிறந்த வீட்டிலிருந்து பிரசவத்துக்குக் கூப்பிட்டார்கள். போக மாட்டேன் என்றேன். ஓடிப்போனதாகச் சொல்வார்களே.

பங்குனியில், பிரசவத்துக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கும்போது, ஒரு நாள் காலையிலிருந்து பிள்ளை அசையவில்லை.

குளிர்ந்த தண்ணீர் குடித்துப் பார்த்தேன். ஒருக்களித்துப் படுத்துப் பார்த்தேன். வயிற்றைத் தட்டிக்கூடப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அடுப்படியில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் உண்மையாகிவிடும் போல இருந்தது. மாமியார் தண்ணீர் எடுக்க வந்தவர் என் முகத்தைப் பார்த்தார். மூன்று மாதத்துக்குப் பிறகு முதல் வார்த்தை பேசினார்.

"எப்பயிருந்து?"

"விடிஞ்சதுலேருந்து அயித்தை."

பங்காளி வீட்டுக் கார் வந்தது. கணவர் முன்னால் உட்காராமல் என் பக்கத்தில் உட்கார்ந்தார், அந்தப் பக்கம் மாமியார். காரைக்குடி ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஊர் நெருங்கும்போது கணவர் என் காதருகில் குனிந்து, "பிள்ளைக்கும் ஒண்ணு எடுத்திருக்கலாமோ?" என்று கேட்டார்.

எனக்கு அவரைக் காரிலிருந்து தள்ளிவிடலாம் போல இருந்தது. என்னைத் தனியாக விட்டுவிட்டு அவரும் அந்தப் பக்கம் போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். பல வருஷம் கழித்துத்தான் அது கட்சி மாறுகிற பேச்சில்லை, அவருடைய பயம் பேசிய பேச்சு என்று எனக்குப் புரிந்தது. அன்றைக்குப் புரியவில்லை. நான் அவரைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

டாக்டரம்மா வயிற்றில் குழலை வைத்து வெகு நேரம் கேட்டார். துடிப்பு இருக்கிறது, லேசாகத்தான் இருக்கிறது, இன்றைக்கே எடுத்துவிட வேண்டும் என்றார். கணவரை மருந்து வாங்க அனுப்பினார்கள். என் கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் மாமியார் உட்கார்ந்திருந்தார். இனிமேல் திட்டு விழும் என்று எதிர்பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

"நான் அஞ்சு தடவை ரெண்டு ரெண்டா எடுத்தேன்" என்றார்.

கண்ணைத் திறந்தேன். அவர் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"மிச்சம் இருக்கிறது இவன் ஒருத்தன்தான். மத்தது நாலும் போயிருச்சு. எடுத்துத்தான் போச்சு."

"அப்புறம் ஏன் அயித்தை என்னய…"

"எடுக்காம இருந்திருந்தா இவனும் போயிருப்பானோன்னு ஒரு பயம். அத எங்குட்டுக் கொண்டுபோயி வைக்கிறது? உன் தலையில கொண்டாந்து வச்சேன்." ஸ்டூலை என் பக்கம் நகர்த்திக்கொண்டார். பிறகு, "உனக்காவது வேண்டாம்னு சொல்ல வாய் வந்துச்சு" என்றார்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

சாயங்காலம் பெண் பிள்ளை பிறந்தது. பிறந்ததும் அழவில்லை. காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி அடித்த பிறகு அழுதது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் நானும் வாய்விட்டு அழுதேன்.

பிள்ளை பிழைத்ததால் நான் செய்தது சரி என்று யாரும் என்னிடம் சொல்லக் கூடாது என்று அன்றைக்கே கணவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அவர் அதற்கு வாயெடுத்தார், நான் விடவில்லை. பிழைக்காமல் போயிருந்தாலும் நான் செய்ததில் மாற்றம் இல்லை. போன பிள்ளையைச் சாட்சிக்கு இழுத்த மாதிரி இந்தப் பிள்ளையையும் இழுக்க வேண்டாம். இவளுக்கு யாரும் வாயில் திணிக்கவும் வேண்டாம், வாயைப் பொத்தவும் வேண்டாம், கேட்டால் உள்ளதைச் சொன்னால் போதும் என்றேன். மாமியார் கேட்டுக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு வந்த நோன்புகளில் பிள்ளை கையை நீட்டினால், திரி இல்லாமல் வெறும் மாவை உருட்டிக் கொடுத்தார்.

எழுபதுகளின் நடுவில் பெரியப்பா காலமானார். அடுத்த நோன்புக்கு வீட்டுக்கு மூத்த ஆண் என் கணவர்தான். அவர் கொடுக்க மாட்டேன் என்றார், ஆனால் இந்தத் தடவை கருப்புச் சட்டை போடாமல் வெள்ளைச் சட்டையோடு வளவுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். பங்காளிகளில் ஒருவரைக் கூப்பிடலாம் என்று பேச்சு வந்தது. "நூலு உருவுனது நான். நானே குடுக்குறேன்" என்றார் மாமியார். தாலி இல்லாதவர் கொடுக்கலாமா என்று ஒருவர் இழுத்தார். "உங்களுக்கு வேண்டாம்னா விடுங்க" என்று சொல்லிவிட்டு மணையில் உட்கார்ந்து திரியை ஏற்ற ஆரம்பித்தார். முணுமுணுத்தவர் உட்பட ஆண்கள் எல்லாரும் வாங்கிக்கொண்டார்கள்.

எனக்கு ஒன்று கொடுத்தார். பிறகு இன்னொன்றை ஏற்றிக் கையில் வைத்துக்கொண்டு என் மகளைப் பார்த்தார். அவளுக்கு அப்போது எட்டு வயது முடிந்திருந்தது.

"உனக்கு வேணுமா ஆத்தா?"

அந்த வீட்டில் யாரும் யாரையும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. என் மகள் உடனே கையை நீட்டவில்லை. திரும்பித் தன் அப்பாவைப் பார்த்தாள்.

"அப்பச்சி, நீங்க ஏன் எடுத்துக்கல?"

"எனக்கு நம்பிக்கை இல்லத்தா" என்றார் கணவர். அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. சேர்க்காமல் இருக்க அவர் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது.

"ஆத்தா, நீ?"

"எனக்குப் பிடிக்கும்" என்றேன்.

"அப்பத்தா, நீங்க?"

பங்காளி வீட்டுக்காரர்கள் எல்லாரும் இருந்தார்கள். மாமியார் எரிகிற இழையைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம்கூடக் குரலைத் தாழ்த்தாமல், "பயம் ஆத்தா" என்றார். "சின்ன வயசுலேருந்து பயம்."

என் மகள் யோசித்தாள். எனக்கு அவளிடம் ஏதாவது சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு துறுதுறுத்தது. வாங்கிக்கொள் என்று சொல்ல வந்ததா, வேண்டாம் என்று சொல்ல வந்ததா என்று எனக்கே தெரியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கணவரும் வேட்டியைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரி எரிந்து இறங்கியது. நெய் மாமியாரின் விரலில் வடிந்தது. அவர் எந்த நிமிஷமும் அதைத் தன் வாயில் போட்டுக்கொண்டு விடுவார் என்று பயந்தேன்.

"நான் யோசிச்சுச் சொல்றேன் அப்பத்தா" என்றாள் மகள்.

நோன்புச் சுடரை எங்கள் வீடுகளில் யாரும் கையால் அணைப்பதில்லை. அணைப்பது என்ற சொல்லைக்கூட அன்றைக்கு வாயில் எடுக்க மாட்டார்கள். மாமியார் இடது கை இரண்டு விரலால் அந்தத் திரியைக் கிள்ளிக் குளிர வைத்தார். அவர் இழையை ஒரு வாழையிலைத் துண்டில் எடுத்து என் மகளின் பக்கம் தள்ளி வைத்தார்.

"நல்லா யோசி. மாவு கெட்டுப்போகாது" என்று சொல்லிவிட்டு, அடுத்தவருக்குத் திரியை ஏற்றினார்.